விட்ட பிறகும் நிற்காத காற்று: நிலாவெளியில் ஒரு பிசிடி நிகழ்வு

ஒரு ஜூன் மாதக் காலையில் எங்கள் படகில் வந்த சுழியோடி ஒருவர் 17 மீற்றர் ஆழத்திலிருந்து 9 மீற்றர் வரை, தான் விரும்பாமலே மேலெழுந்தார். எடுத்த நேரம் ஏறத்தாழ 25 வினாடி. காயம் ஏதும் இல்லை. வைத்தியசாலைக்குப் போக வேண்டியும் வரவில்லை. அப்படியிருந்தும் இதை விரிவாக எழுதக் காரணம், கடலில் இறங்க முன்னர் அவருடைய பிசிடி (காற்றடைக்கும் மிதப்புச் சட்டை) சோதிக்கப்பட்டிருந்ததுதான். சோதித்தவர்களில் நானும் ஒருவன். பழுது எங்கள் கையில் அகப்பட்டது, காதிலும் விழுந்தது. இரண்டு தடவையும் விட்டுவிட்டோம்.

சம்பந்தப்பட்டவர்களின் பெயரோ நிலையத்தின் பெயரோ இதில் இல்லை. ஆழமும் நேரமும் இரண்டு டைவ் கம்பியூற்றர்களில் பதிவானவை. மற்றவை அன்று மாலை எல்லோரும் இருந்து எழுதிய குறிப்பிலிருந்து எடுத்தவை.

பின்னணி

திருகோணமலைப் பக்கம் கடல் தெளிவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில். சித்திரைக் கடைசியில் தொடங்கினால் புரட்டாதி வரை ஓடும். வருட உழைப்பு முழுவதும் அந்த ஐந்து மாதத்துக்குள்தான். அதனால் வாடகைச் சட்டைகள் கிழமையில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு தடவை உப்புத் தண்ணீரில் முங்கி எழும்பும்.

பிசிடி தெரியாதவர்களுக்கு: அது காற்றடைக்கக்கூடிய ஒரு சட்டை. முதுகில் சிலிண்டரைத் தாங்குவதும் அதுவே. இடது தோளிலிருந்து ஒரு நெளிகுழாய் தொங்கும். அதன் நுனியில் இன்ஃப்ளேற்றர் இருக்கும். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் சிலிண்டரிலிருந்து காற்று சட்டைக்குள் போகும், மற்றதை அமுக்கினால் வெளியேறும். இவை தவிர வலது தோளில் ஒன்றும் பின்புறம் இடுப்புக்குக் கீழே ஒன்றுமாக, கயிற்றை இழுத்துக் காற்றை விடும் டம்ப் வால்வுகள் உண்டு. சட்டை அளவுக்கு மீறி ஊதினால் தானாகத் திறக்கும் வசதியும் இந்த வால்வுகளில் இருக்கும். ஆழத்தில் மிதக்காமலும் தாழாமலும் நிற்பதற்கும், மேலே வந்ததும் முகத்தைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருப்பதற்கும் இந்தச் சட்டைதான் உதவி.

அன்று படகில் ஏழு பேர். படகோட்டி, என்னையும் சேர்த்து இரண்டு வழிகாட்டிகள், நான்கு விருந்தினர். விருந்தினரில் ஒரு கணவன் மனைவி சோடி. மனைவிக்கு நாற்பது வயதுக்கு மேல், முப்பத்துச் சொச்சம் தடவை சுழியோடிய அனுபவம். ஆனால் கடைசியாகச் சுழியோடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முகமூடியும் துடுப்பும் அவருடையவை. பிசிடியும் ரெகுலேற்றரும் (சிலிண்டர்க் காற்றை மூச்சுக்குத் தரும் வாய்க்கருவி) எங்களுடைய வாடகைச் சாமான். அந்தச் சட்டைக்கு அது நான்காவது சீசன்.

படகோட்டி முன்பு சங்கு குளித்தவர். சிலிண்டர், ரெகுலேற்றர், இடுப்பில் ஈயம், அவ்வளவுதான் அவர் கண்ட சாமான். எங்கள் சட்டைகளைப் பார்த்து "உதுக்குள்ள எத்தனை வால்வு, எத்தனை கயிறு. ஒண்டு பழுதாகாட்டி மற்றது பழுதாகும்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

காலையில், கரையில்

ஏழரை மணிக்குச் சாமான்கள் பூட்டப்பட்டன. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று. ரெகுலேற்றரில் சேவிஸ் திகதி எழுதிய சிறு பட்டி கட்டியிருந்தது. ஆறு மாதத்துக்குள் சேவிஸ் செய்தது.

எட்டு மணிக்குச் சோடிச் சோதனை. 'படி செக்' என்றுதான் எங்களுக்குள் சொல்லுவோம். பிசிடி, ஈயம், கொளுவிகள், காற்று என்று வரிசையாக ஒருவர் மற்றவருடைய சாமானைப் பார்க்க வேண்டும். கணவன் மனைவியின் இன்ஃப்ளேற்றரை இரண்டு முறை தட்டினார். 'புஸ், புஸ்' என்று காற்று ஏறியது. காற்று விடும் பொத்தானை ஒரு தடவை அமுக்கினார். வலது தோள் கயிற்றை இழுத்துப் பார்த்தார். சரி. பின்புறக் கயிற்றை யாரும் தேடவில்லை. அது சிலிண்டர்ப் பட்டிக்குள் செருகிக் கிடந்தது, பிறகுதான் தெரிந்தது.

அப்போது மனைவி என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்தப் பட்டன் கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு."

நான் கிட்டப் போய் ஒரு தடவை அமுக்கினேன். காற்று ஏறியது. விரலை எடுத்த பிறகும் மெல்லிய சீறல் ஒன்று அரை வினாடி இருந்தது. பக்கத்தில் மற்றச் சோடி ரெகுலேற்றரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் அங்கேயிருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

"புதுசாச் சேவிஸ் செய்தது அக்கா, அதுதான் இறுக்கம்" என்றேன்.

சேவிஸ் செய்தது ரெகுலேற்றர். பட்டியில் எழுதியிருந்த திகதி அதற்குரியது. பிசிடியையும் வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லித்தான் அதைத் தயாரிப்பவர்கள் கையேட்டில் எழுதுகிறார்கள், ஆனால் எங்கள் நிலையத்தில் பிசிடி பழுதானால்தான் பார்ப்பது. இரண்டும் ஒரே சிலிண்டரில் தொங்குவதால் ஒன்றின் திகதி மற்றதுக்கும் பொருந்தும் என்று மனம் எடுத்துக்கொண்டது. பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னேன்.

இன்னொன்றும் கரையில் நடந்தது. எத்தனை கிலோ ஈயம் என்று கேட்டதற்கு, போன தடவை 8 கட்டியதாக அவர் சொன்னார். அது வேறு இடத்தில், தடித்த உடுப்போடு. தடித்த உடுப்பு கூட மிதக்கும், தாழ ஈயமும் கூட வேண்டும். இங்கே அவர் போட்டிருந்தது 3 மில்லிமீற்றர் உடுப்பு. நீரின் மேல் மிதந்து எடையைச் சரிபார்க்கலாம் என்று நினைத்திருந்தோம். அங்கே போனதும் சின்ன அலை அடித்துக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் இறங்கும் அவசரம். விட்டுவிட்டோம்.

தண்ணீருக்குள்

கரையிலிருந்து இருபது நிமிட ஓட்டத்தில் உள்ள ஒரு பாறைத் திட்டு. உச்சி 11 மீற்றரில், அடி 18 மீற்றரில். நீரோட்டம் மெதுவானது, பார்வை நன்றாக இருந்தது.

முதல் 13 நிமிடம் எதுவும் நடக்கவில்லை. இறங்கும்போது அவர் பொத்தானைச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் காற்று ஏறி நின்றது. 14ஆவது நிமிடத்தில் பாறையின் சரிவில் இறங்கி 17 மீற்றருக்கு வந்தபோது ஈயத்தின் பாரம் அவரைக் கீழே இழுத்தது. கீழே கடல் முள்ளிகள் கூட்டமாகக் கிடந்தன. அவற்றில் இருந்துவிடக்கூடாது என்று பொத்தானை இந்தத் தடவை நீளமாக, இரண்டு மூன்று வினாடி அமுக்கினார். விரலை எடுத்தார். பொத்தான் முழுதாக மேலே வரவில்லை.

காற்று பெரிய வேகத்தில் போகவில்லை, கசிவு போல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அது கேட்கவே இல்லை. சொந்த மூச்சின் குமிழிச் சத்தம் அதை மூடிவிட்டது. தான் கூட அமுக்கிவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். நெளிகுழாயை உயர்த்திக் காற்றை விட்டார், கொஞ்சம் குறைந்தது. பொத்தானை விட்டதும் திரும்பவும் எழும்பத் தொடங்கினார்.

பிறகு அவர் செய்ததை யாரும் செய்வார்கள். மேலே போகிறோம் என்று தெரிந்ததும் தலையைக் கீழே திருப்பித் துடுப்படித்து இறங்கப் பார்த்தார். தலை கீழே போனால் சட்டைக்குள் இருக்கும் காற்று உயரமான இடத்துக்கு, அதாவது முதுகின் கீழ்ப்பக்கத்துக்குப் போய்விடும். அப்போது தோளில் இருக்கும் வழிகள் இரண்டையும் திறந்தாலும் காற்று வெளியேறாது. வெளியேறக்கூடிய ஒரே வழி பின்புற டம்ப் வால்வு. அவர் கையை விட்டுத் தேடினார். கயிறு அகப்படவில்லை.

உயர உயரக் காற்றும் விரியும். 17 மீற்றரில் அழுத்தம் 2.7 பார், 9 மீற்றரில் 1.9 பார். சட்டையில் 5 லீற்றர் காற்று இருந்தது என்று வைத்தால், ஒரு சொட்டும் புதிதாகச் சேராமலே அது 7 லீற்றருக்கு மேல் ஆகிவிடும். இங்கே புதிதாகவும் சேர்ந்துகொண்டிருந்தது. முதல் மூன்று மீற்றர் ஆறுதலாகத்தான் போனார். கடைசி மூன்று மீற்றரில் வேகம் பிடித்தது. சராசரியாகக் கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 19 மீற்றர். இப்போது பரவலாகச் சொல்லும் எல்லை நிமிடத்துக்கு 9 மீற்றர்.

அவர் செய்த ஒரு காரியம் மிகச் சரியானது, அதுதான் அவரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். மூச்சை ஒரு கணமும் அடக்கவில்லை. விட்டுக்கொண்டே இருந்தார். நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடக்கி ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூட எழும்பினாலே நுரையீரல் கிழியக்கூடும். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அது.

நான் நான்கு மீற்றர் தள்ளி முன்னே போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவருடைய துடுப்புகள் என் தலைக்கு மேலே தெரிந்தன.

9 மீற்றரில் எடுத்த முடிவுகள்

எட்டி அவருடைய தோள்பட்டியைப் பிடித்தேன். என் கம்பியூற்றரும் கத்தத் தொடங்கியிருந்தது. முதல் வேலையாக அவரை நிமிர்த்தினேன், காற்று தோளுக்கு வரட்டும் என்று. பிறகு வலது தோள் கயிற்றை இழுத்துப் பிடித்தேன், குமிழிகள் கொட்டின. எழும்புவது நின்றது. அப்போதுதான் இன்ஃப்ளேற்றருக்குப் பக்கத்தில் சீறல் கேட்டது. உடனே அதற்குக் காற்றுக் கொண்டுவரும் குழாயைக் கழற்ற முயன்றேன்.

அதன் வளையம் பின்னுக்கு வரவில்லை. உப்பு இறுகியிருந்தது, உள்ளே அழுத்தமும் இருந்தது. இரண்டாவது தடவை முழுப் பலத்தோடு இழுத்தபோதுதான் கழன்றது. அவர் தானும் முதலில் அதைக் கழற்றப் பார்த்ததாகவும், முடியாமல் கைவிட்டதாகவும் பிறகு சொன்னார். ஆக, பொத்தான் சிக்கினால் குழாயைக் கழற்று என்ற பாடம் அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது. எங்கள் சாமான்தான் விடவில்லை.

முதலில் குழாயைக் கழற்றியிருக்க வேண்டுமா, காற்றை விட்டது சரியா என்று பிறகு எங்களுக்குள் நீண்ட நேரம் கதைத்தோம். என் எண்ணம் இது. காற்று மெல்லக் கசியும்போது டம்ப் வால்வு அதைவிட வேகமாக வெளியேற்றும், ஆகவே முதலில் எழும்புவதை நிறுத்தலாம். பொத்தான் முழுதாகத் திறந்தபடி சிக்கியிருந்தால் முதலில் குழாய்தான். அந்த நேரத்தில் எனக்கு இந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. கைக்கு அகப்பட்டதைச் செய்தேன்.

குழாய் கழன்றதும் எதிர்ப்பக்கத்துச் சிக்கல் வந்தது. சட்டையில் காற்றில்லை, ஈயம் 2 கிலோ கூட. அவர் தாழத் தொடங்கினார். இன்ஃப்ளேற்றரில் வாயை வைத்து ஊதலாம். பயிற்சியில் ஒரே ஒரு தடவை செய்த வேலை அது, படபடக்கும் நெஞ்சோடு நீருக்கடியில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே அவரைப் பிடித்துக்கொண்டேன். என் சட்டை இரண்டு பேரின் பாரத்தையும் தாங்கியது.

டைவை முடிப்பது என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. ஆழத்துக்குத் திரும்பிப் போவதில்லை, அங்கிருந்து ஆறுதலாக மேலே. கணவனும் வந்து சேர்ந்துகொண்டார். அவரிடம் 110 பாரும் மனைவியிடம் 100 பாரும் இருந்தன. அதனால் 5 மீற்றரில் பாதுகாப்புக்காக நிற்கும் வழக்கமான 3 நிமிடத்துக்குப் பதில் 5 நிமிடம் நின்றோம். இரண்டாவது வழிகாட்டி மற்ற இருவரோடு 22ஆவது நிமிடம் வரை கீழே இருந்தார். நாங்கள் ஏன் மேலே போனோம் என்று அவருக்குத் தெரியாது. நான் கையால் ஒரு சைகையாவது காட்டியிருக்க வேண்டும்.

மேலே வந்ததும் அவருடைய சட்டையை நானே வாயால் ஊதினேன்.

படகிலும் கரையிலும்

படகில் ஏறியதும் ஒட்சிசன் பெட்டியைத் திறந்து வைத்தோம். நெஞ்சு நோ, இருமல், எச்சிலில் இரத்தம், குரல் மாற்றம், தலைச்சுற்று, கைகால் விறைப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். எதுவும் இல்லை. தொலைபேசியில் ஒரு வைத்தியரிடம் கதைத்தோம். அறிகுறி ஒன்றும் இல்லாததால் பார்த்துக்கொண்டிருக்கவும், ஏதாவது தெரிந்தால் உடனே ஒட்சிசனைக் கொடுத்துக்கொண்டே புறப்படவும் சொன்னார். அரை மணிக்கு ஒரு தடவை நடக்கவிட்டும், கண்ணை மூடி நிற்கவிட்டும், இரண்டு கையாலும் என் விரல்களை இறுக்கச் சொல்லியும் பார்த்தோம். ஒரு மணி வரை அப்படி.

இரண்டாவது டைவ் இரத்துச் செய்யப்பட்டது, நால்வருக்கும்.

இதற்கிடையில் ஒரு சிக்கல் தற்செயலாக வெளியே வந்தது. அன்று பின்னேரமே அவர்கள் நுவரெலியாவுக்குப் புறப்பட வானுக்குச் சொல்லியிருந்தார்கள். சுழியோடிய கையோடு விமானத்தில் ஏறக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மலை ஏறுவதும் அதே கணக்குத்தான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு ஓரளவு கிட்ட வரும். நாங்களும் கேட்டிருக்கவில்லை. 24 மணித்தியாலம் தள்ளிப் போகச் சொன்னோம். அவர்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் நுவரெலியாவிலிருந்து எடுத்துக் கதைத்தபோதும் சுகமாகவே இருந்தார்.

கரைக்கு வரும் வழியில் அவர் ஒன்றுதான் சொன்னார். "நான் காலமை சொன்னனான்தானே தம்பி."

பிற்பகல்: சட்டையைத் திறந்தபோது

அந்தச் சட்டையை யாரும் கழுவ விடாமல் அப்படியே மேசையில் வைத்தோம். முதலில் சிலிண்டரில் பூட்டி, காலையில் செய்தது போலவே பொத்தானைத் தட்டினோம். ஏறியது, நின்றது. பத்துத் தடவை தட்டினோம், பத்துத் தடவையும் நின்றது. பிறகு அடிவரை அமுக்கி ஐந்து எண்ணிவிட்டு விரலை எடுத்தோம். சீறல் இரண்டு வினாடிக்கு நிற்கவில்லை. மூன்றாவது முறை நிற்கவே இல்லை. பொத்தானைப் பக்கவாட்டில் தட்டித்தான் நிறுத்த வேண்டி வந்தது.

கழற்றிப் பார்த்ததில், பொத்தானின் தண்டில் வெள்ளைப் பொருக்கு, அதில் மணல். ஓ-றிங் (காற்றுக் கசியாமல் அடைக்கும் றப்பர் வளையம்) வறண்டு கிடந்தது. சுருளில் துருவின் தொடக்கம். மெல்லத் தட்டும்போது தண்டு பொருக்கு இருக்கும் இடம் வரை போவதில்லை. ஆழமாக அமுக்கினால் போய்ச் சிக்கிக்கொள்கிறது.

வெள்ளைப் பொருக்கு உப்பு மட்டும் என்று நினைத்தோம். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டபோது ஒரு பகுதிதான் கரைந்தது. மீதியைத் தேசிக்காய்ச் சாறுதான் கரைத்தது. சுண்ணாம்பு. எங்கள் கிணறு கரையிலிருந்து அதிக தூரமில்லை. கோடையில் தண்ணீர் உவர்க்கும், கேத்தலின் அடியிலும் இதே வெள்ளைதான் படியும். நான்கு சீசனாக அந்தத் தண்ணீரில் 'உப்பைக் கழுவி'க்கொண்டிருந்தோம்.

சட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பின்புற வால்வைத் திறந்தபோது ஒன்றரைக் கோப்பை பழைய கடல் தண்ணீர் ஊற்றுண்டது. உள்ளே கழுவி எவ்வளவு நாளானது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மற்றச் சட்டைகளையும் அன்றே பார்த்தோம். ஒன்றில் தோள் மூட்டில் நெளிகுழாயைப் பிடிக்கும் மூடி தளர்ந்திருந்தது. இன்னொன்றை ஊதி வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தபோது பாதி இறங்கிக் கிடந்தது. டம்ப் வால்வின் இருக்கையில் ஒரு மணல்தான், எடுத்ததும் சரியாகிவிட்டது.

எங்கே தவறியது

பழுதான பொத்தான் ஒன்றுதான் காரணம் என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை.

சோதனையில் நாங்கள் கேட்ட கேள்வி "காற்று ஏறுகிறதா?" என்பது. பிசிடியால் வரும் ஆபத்தில் அரைவாசி காற்று ஏறாததால் வருவது, சரி. மற்ற அரைவாசி, ஏறத் தொடங்கிய காற்று நிற்காததாலும், நின்ற காற்று வெளியேறாததாலும் வருவது. அந்த இரண்டையும் அந்த 'புஸ், புஸ்' சொல்லாது. தட்டும் கைக்கும் அடிவரை அமுக்கும் கைக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று மேசையில்தான் கண்டேன். பதட்டப்படும் சுழியோடி தட்டமாட்டார், அமுக்குவார். சோதனை அந்தக் கையைத்தான் பின்பற்ற வேண்டும்.

அடுத்தது ஈயம். கடலில் 1 கிலோ கூடினால் அதைச் சமன்செய்யச் சட்டையில் ஏறத்தாழ 1 லீற்றர் காற்றுக் கூட வேண்டும். அந்தக் கூடுதல் காற்றும் உயரும்போது விரியும். 11 லீற்றர்ச் சிலிண்டரில் 200 பாரில் இருக்கும் காற்றின் எடையே இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட. டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி குறைந்திருக்கும், அதற்காகக் கொஞ்சம் ஈயம் கூட வைப்பது நியாயம். அவர் அதற்கும் மேல் 2 கிலோ சுமந்திருந்தார். அந்தப் பாரம்தான் அவரை நீளமாக அமுக்க வைத்தது, வேகமாகவும் தூக்கியது. 1956இல் கோணேசர் மலைக்குக் கீழே மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுழியோடிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்ட காலத்தில் பிசிடி என்ற சாமானே இல்லை. ஈயத்தை அளந்து கட்டி மூச்சால் சமாளிக்க வேண்டிய காலம். இப்போது சட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் ஈயத்தைக் கண்மதிப்பில் கட்டுகிறோம்.

பிறகு, என்னுடைய பதில். வாடகைச் சட்டையைப் போட்ட ஒருவர் "இறுக்கமாக் கிடக்கு" என்றால், அந்தச் சாமானை அன்று முதன்முதலாகக் கையில் எடுத்த ஒருவரின் புதுக் கை சொல்வது அது. பழகிய என் விரலுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. கேட்க வேண்டிய இடத்தில் விளக்கம் சொன்னேன். அறையில் இன்னும் மூன்று சட்டைகள் தொங்கின, மாற்ற ஐந்து நிமிடம் காணும்.

இப்போது எப்படிச் செய்கிறோம்

காலைச் சோதனை இப்போது முதல் நாள் பின்னேரமே தொடங்குகிறது. கழுவிய சட்டைகளை வாயால் இறுக ஊதி இரவு முழுவதும் தொங்கவிடுகிறோம். விடியற்காலை தொட்டுப் பார்த்துத் தளர்ந்ததைக் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. இன்ஃப்ளேற்றரால் ஊதாமல் வாயால் ஊதுவதற்கும் காரணமுண்டு. வாய்வழி ஊதும் பாதையும் அதிலேயே சோதிக்கப்பட்டுவிடும்.

காலையில் சிலிண்டரில் பூட்டியதும் பொத்தானை அடிவரை அமுக்கி, சட்டை முழுதாக ஊதி மிகைக் காற்றை வால்வு தானாக வெளியேற்றும் வரை விரலை எடுப்பதில்லை. அந்த வால்வு திறக்கிறதா என்பதும் அதோடு தெரிந்துவிடும். பிறகு விரலை எடுத்துவிட்டு எல்லோரும் பேசாமல் நிற்கிறோம். வால்வின் சத்தம் ஓய்ந்த பிறகு ஒன்றும் கேட்கக்கூடாது. பக்கத்தில் யாரும் ரெகுலேற்றரை அமுக்கக்கூடாது என்பதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறேன், சிலருக்கு அது பகிடியாக இருக்கிறது.

பிறகு குழாயைக் கழற்ற வேண்டும், போட்டிருப்பவரே, ஈரக் கையோடு. கழற்ற முடியாவிட்டால் அந்தச் செட் மாற்றப்படும். கழற்றியபடி ஊதிய சட்டையை விட்டுவிட்டு உடுப்பு, ஈயம், முகமூடி என்று மற்ற வேலைகளைப் பார்க்கிறோம். பத்து நிமிடம் கழித்து வந்து அமுக்கிப் பார்த்தால் மெல்லிய கசிவும் தெரியும். அதன் பிறகு காற்றை விடுவது ஒரே வழியால் இல்லை. கொஞ்சம் இன்ஃப்ளேற்றரால், கொஞ்சம் வலது தோளால், மீதியைப் பின்புறக் கயிற்றால். பின்புறக் கயிற்றைச் சோடிக்காரர் எடுத்துக் கொடுக்கக்கூடாது. போட்டிருப்பவர் பார்க்காமல், கையால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வால்வும் மூடிய பிறகு உண்மையில் மூடியதா என்று ஒரு தடவை காது கொடுக்க வேண்டும்.

சிலிண்டர்ப் பட்டியைக் கட்ட முன்னர் நனைப்பது, சட்டை வழுக்குகிறதா என்று சிலிண்டரைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பது, கொளுவிகளைத் திறந்து பூட்டுவது எல்லாம் முன்பும் செய்தவைதான். அவற்றில் மாற்றமில்லை.

நீரில் இறங்கியதும் எடைச் சோதனை கட்டாயம். சட்டையில் காற்றில்லாமல், வழக்கமான மூச்சோடு அசையாமல் நின்றால் கண் மட்டத்தில் மிதக்க வேண்டும், மூச்சை விட்டால் தாழ வேண்டும். அலை இருந்தால் படகின் மறுபக்கம் போய்ச் செய்கிறோம். எப்போதும் படகில் 1 கிலோ ஈயத் துண்டுகள் வைத்திருக்கிறோம்.

பயணத் திட்டத்தையும் பதிவுப் படிவத்தில் கேட்கிறோம்: அடுத்த நாள் எங்கே, எப்போது.

இன்னும் தீராதவை

அந்தச் சட்டையின் இன்ஃப்ளேற்றர் மாற்றப்பட்டுவிட்டது. ஒவ்வொரு சட்டைக்கும் இப்போது தனிப் பட்டி, ரெகுலேற்றரின் பட்டிக்கு வேறு நிறம். அது இலகுவான வேலை.

தண்ணீர்தான் பிரச்சினை. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு சட்டைகளுக்கு உள்ளும் புறமும் கழுவக் கிணற்றுத் தண்ணீர்தான் கட்டுப்படியாகும். இப்போதைக்கு முதல் கழுவல் கிணற்றில், கடைசிக் கழுவலும் இன்ஃப்ளேற்றரை ஊறவைப்பதும் குழாய்த் தண்ணீரில். ஊறும்போது பொத்தான்களை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டுக்குத் தண்ணீர் போகாது. அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், ஒரு நாள் உழைத்துக் களைத்துப் பின்னேரம் ஐந்து மணிக்கு யாரிடமும் அது மிஞ்சியிருப்பதில்லை. சீசன் முடிந்ததும் எல்லா இன்ஃப்ளேற்றர்களையும் கழற்றிப் பார்ப்பதாக இருக்கிறோம். பொருக்கு குறைந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.